பாலன் டெலிவரி ஆகாத புகார் – தொடர்பாக

கே.கே. நகரில் பாக்கியமேரி டீச்சர் பொய் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. இதை அவரே எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் அது தற்பெருமை என்கிற பாவத்தில் போய்ச் சேரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு மிஷன் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அவருடையது. கணவர் ஆரோக்கியநாதன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்புதான். எழுதுகிற கை இன்னும் பணியில் இருந்தது. பால்காரர் ஒரு பாக்கெட் குறைத்துப் போட்டுவிட்டால்கூட 'பொருள்', 'பார்வை' என்று தலைப்புப் போட்டுத்தான் அவருக்குச் சீட்டு எழுதி வைப்பார்.

டீச்சருக்குக் கைவேலை ஒன்று உண்டு. காகிதக்கூழில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்கள் செய்வார். மாதா, சூசையப்பர், ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு, கூரைமேல் வைக்கச் சிறகு விரித்த ஒரு சம்மனசு, ஒரு தீவனத்தொட்டி, அதில் படுக்கவைக்கப் பாலன் என்கிற குழந்தைச் சுரூபம். எல்லாம் அச்சில் வார்த்து, மாடியில் காயவைத்து, வர்ணம் பூசியவை. ரொம்ப நாளாகக் கோயிலுக்கு வருகிறவர்கள்தான் வீட்டுக்கு வந்து வாங்கிப் போவார்கள். கறிவேப்பிலைக்கே போனை நீட்டி ஸ்கேன் பண்ணுகிற காலம் வந்த பிறகு, இப்படிக் கையில் காசு வாங்குவது டீச்சருக்கே ஏதோ குற்றம்போலத் தோன்ற ஆரம்பித்தது. "இன்னமுமா ஆன்லைன்ல போடல?" என்று கேட்காத ஆள் இல்லை. போட்டார்.

அப்படிப் போடும்போது சடக்பே என்கிற கம்பெனியில் ஒரு கணக்கு ஆரம்பித்தார். வாங்குகிறவர் பணத்தைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். பொருள் போய்ச் சேர்ந்ததும் விற்றவருக்குக் கொடுக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் நம்பிக்கையாக ஒருவர் இருப்பது நல்லதுதானே என்று டீச்சர் நினைத்தார். நம்பிக்கையை எல்லாம் நடுவில் இருப்பவரே வைத்துக்கொள்வார் என்று அவருக்கு அப்போது தெரியாது.

நவம்பர் கடைசியில் ஆனையூரிலிருந்து சுபலட்சுமி என்ற பெண் ஒரு குடில் செட் கேட்டிருந்தார். ஆனையூருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். கொடுத்துவிட்டு ஒரு காபியும் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. பெட்டி கே.கே. நகரிலிருந்து புறப்பட்டு, சென்னைக்குப் போய், அங்கே ஒரு கிடங்கில் தங்கி, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு ஆனையூருக்கு வந்து சேர்ந்தது.

பெட்டிக்குள் டீச்சர் ஒரு வழக்கத்தை விடாமல் கடைப்பிடிப்பார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாலனைத் தொட்டியில் வைக்கக் கூடாது. அதனால் பாலனைத் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, வைக்கோலுக்கு அடியில் பத்திரமாக வைத்து அனுப்புவார்.

கொஞ்ச நாளில் சடக்பேயிலிருந்து ஒரு தகவல் வந்தது.

'தாங்கள் விற்ற பொருளில் பிரதான உருப்படி குறைவதாக வாங்கியவர் தெரிவித்திருக்கிறார். அவருடைய வருத்தத்தில் நாங்களும் பங்கெடுத்து, அவர் பணத்தை அவருக்கே திருப்பிவிட்டோம். விசாரணை முடியும்வரை தங்கள் கணக்கு ஓய்வில் வைக்கப்படுகிறது. தங்கள் பொறுமையே எங்கள் பெருமை.'

கணக்கு ஓய்வு எடுத்ததில் மற்றவர்கள் அனுப்பியிருந்த பணமும் சேர்ந்து ஓய்வு எடுத்தது. அனுப்ப வேண்டிய பெட்டிகள் ஹாலில் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒரு வருஷ விடுமுறைகள் அத்தனையும் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. அதைவிட டீச்சரை அறுத்தது வேறு ஒரு வரி. அவருடைய பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'இவரிடம் வாங்கும் முன் யோசிக்கவும்' என்று போட்டிருந்தது.

"என்னைப் பத்தியாங்க இப்படிப் போட்டிருக்கான்?" என்று கணவரிடம் காட்டினார்.

"பதறாத. நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன். வந்து முறைப்படி எழுதுவோம்," என்று ஆரோக்கியநாதன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டீச்சருக்கு அதுவரை பொறுக்கவில்லை. சடக்பேயில் 'தோழி' என்று ஒருத்தி இருந்தாள். ஆள் இல்லை, தானாகப் பதில் எழுதுகிற ஏற்பாடு. 'உங்கள் கவலை என் கவலை. என்ன கவலை?' என்று அவளே ஆரம்பித்தாள்.

டீச்சர் உண்மையை உள்ளபடி எழுதினார். 'குழந்தை பெட்டிக்குள்தான் இருக்கிறது. வைக்கோலுக்கு அடியில் வைத்து, மூடி, டேப் ஒட்டி நானே கூரியரில் அனுப்பினேன்.'

தோழி கேட்டாள்: 'இதுபோல இதற்கு முன்பும் குழந்தைகளை அனுப்பியிருக்கிறீர்களா?'

'வருஷா வருஷம் நிறைய அனுப்புகிறேன். இன்னும் கொஞ்சம் மாடியில் வெயிலில் காய்கின்றன.'

'இந்த உரையாடல் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது. தாங்கள் இருக்கும் இடத்தை விட்டு நகர வேண்டாம்.'

ஆரோக்கியநாதன் முருங்கைக்காயோடு திரும்பி வந்தபோது டீச்சர் அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது.

"ஏன் மேரி எந்திரிக்கல?"

"நகரக் கூடாதுன்னு போட்டிருக்குங்க."

அவர் போனை வாங்கிப் படித்தார். தலையை ஆட்டினார். "உனக்கு ஆபீஸ் பாஷை தெரியல. உண்மையைச் சொல்றதுக்கும் ஒரு நடைமுறை இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் பூராவும் உட்கார்ந்து ஒரு மேல்முறையீடு தயாரித்தார். 'மேற்படி பாலனானது உயிரற்றதும், காகிதக்கூழினாலானதும், மேற்படி மனுதாரரால் வர்ணம் பூசப்பட்டதுமான சுரூபமே என்பது பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்தார். கூரியர் ரசீது, ரேஷன் கார்டு நகல், தன்னுடைய ஓய்வூதிய ஆணை ஆகியவற்றை இணைத்தார்.

"ஓய்வூதிய ஆணை எதுக்குங்க?"

"ஆவணம் கூடுதலா இருந்தா எவனும் கேக்க மாட்டான். குறைஞ்சாத்தான் கேப்பான்."

பதில் விரைவாகவே வந்தது. 'தங்கள் மேல்முறையீடு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, கனிவுடன் நிராகரிக்கப்பட்டது. இணைக்கப்பட்ட ரசீது பெட்டி டெலிவரி ஆனதற்கு மட்டுமே சான்று. குழந்தை டெலிவரி ஆனதற்கு உரிய மருத்துவமனைச் சான்று இணைக்கப்படவில்லை. மேலும், குழந்தை உயிரற்றது என்று தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் விஷயத்தின் தீவிரம் கூடியுள்ளது.'

டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆரோக்கியநாதன் அந்தப் பதிலை மறுபடி ஒருமுறை ரசித்துப் படித்தார்.

"கனிவுடன்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கான் பாரு மேரி. நான் எம்புட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன், எனக்கு இது தோணலையே."

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். பெயர் மெர்வின், குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு, மூத்த நிவாரண நிர்வாகி.

"டீச்சர், முதல்லயே சொல்லிர்றேன். நானும் கோயிலுக்குப் போற பையன்தான். எங்கம்மா வருஷா வருஷம் குடில் வைப்பாங்க."

டீச்சருக்கு உயிர் வந்தது. "அப்பப் பாலன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல தம்பி?"

"எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர். சிஸ்டத்துக்குத்தான் தெரியாது."

"நீங்க அதுகிட்டச் சொல்லக் கூடாதா?"

"சிஸ்டம்தான் டீச்சர் எனக்குச் சொல்லும். நான் அதுக்குச் சொல்ற மாதிரி இங்க ஏற்பாடு கிடையாது. நாலு கேள்வி கேக்குறேன், பதில் மட்டும் சொல்லுங்க. கட்டம் நிறைஞ்சா அது அமைதியாயிரும். குழந்தை பேரு பாலன்னு போட்டுக்கிறேன். தாய் பேரு?"

"மரியா."

"தகப்பன் பேரு?"

"சூசை."

"பெத்த தகப்பன்தானே?"

டீச்சர் தயங்கினார். பின்னால் நின்ற ஆரோக்கியநாதன், ஆமாம் சொல்லித் தொலை என்று கையால் ஜாடை காட்டினார். டீச்சருக்கு அதற்கு வாய் வரவில்லை. "வளர்ப்புத் தந்தை," என்றார்.

"ஐயோ டீச்சர், அப்படிச் சொன்னா தத்தெடுத்த கோர்ட்டு உத்தரவு கேக்கும்."

"அதுக்காக வேதத்தையே மாத்திச் சொல்லச் சொல்றீங்களா?"

மெர்வின் பெருமூச்சு விட்டார். "பாதுகாவலர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போட்டுறவா?"

"அது சரி. ஜெபத்துலயும் அவரைப் பாதுகாவலர்னுதான் சொல்லுவோம்."

"பிறந்த தேதி?"

"டிசம்பர் இருபத்தஞ்சு."

"இன்னும் வரலையே டீச்சர். பிறக்கப் போற தேதியைச் சிஸ்டம் ஏத்துக்காது."

"பிறந்தாச்சு தம்பி. ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு."

"அம்புட்டுத் தூரம் இது உருளாது டீச்சர்." விரல் திரையில் தேய்கிற சத்தம் கேட்டது. "சரி, ஏதோ ஒரு டிசம்பர் இருபத்தஞ்சுல வந்து நின்னுருச்சு. அதுவே இருக்கட்டும்." அந்த நிமிஷம் பாலனுக்கு ஐந்து வயது ஆயிற்று. "பிறந்த ஊரு?"

"பெத்லகேம்."

"வெளிநாடு வேணாம் டீச்சர், பாஸ்போர்ட்டு கேக்கும். வளர்ந்த ஊரு?"

"நாசரேத்து."

"நாசரேத்! நம்ம தூத்துக்குடி மாவட்டம்! எடுத்துக்கிருச்சு டீச்சர், பின்கோடு தானா வந்து விழுந்துருச்சு!"

அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்பட்டார்கள். நேரில் பார்த்துச் சரிபார்க்க ஒரு ஆள் வருவார் என்று மெர்வின் சொன்னார். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி, "வாங்கினவங்களை மட்டும் நேர்ல போய்ப் பாத்துறாதீங்க. விதிப்படி அது மிரட்டல்ல சேரும்," என்றார்.

டீச்சர் அன்று சாயங்காலமே ஆனையூர் பஸ்ஸில் ஏறினார். மிரட்டப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு டப்பாவில் அச்சு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

சுபலட்சுமியின் வீட்டில் சுவர், சோபா, திரை, கால்மிதி எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. ஆறிப்போன சாதக்கஞ்சியின் நிறம். உலகத்தில் இப்போது அந்த நிறம்தான் நாகரிகம் என்று அறிவித்திருக்கிறார்களாம். அந்தப் பெண் வீட்டு அலங்காரத்துக்கென்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறார். சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, டிசம்பருக்குக் குடில். சாமி எதுவானாலும் கஞ்சி நிறத்துக்கு ஒத்துப்போக வேண்டும். ஹாலில் இருந்த குடிலில் மாடுகள் முன்வரிசையில் நின்றன. மாதா ஓரத்தில் ஒதுங்கியிருந்தார். மாட்டின் நிறம்தான் சோபாவோடு ஒத்துப்போயிற்றாம். தொட்டி காலியாகக் கிடந்தது.

"ஐயோ டீச்சர், நான் புகாரே குடுக்கலையே!" என்றார் சுபலட்சுமி, முறுக்கை வாங்கிக்கொண்டு. "ஒரு ஸ்டார் குறைச்சேன், அம்புட்டுதான். ஏன் குறைச்சேன்னு அதுவே கேட்டுச்சு. சோபாவோட சேத்துப் பாத்தப்ப என்னமோ குறையுற மாதிரி இருந்துச்சு. 'ஏதோ ஒன்று குறைகிறது'ன்னு எழுதுனேன்."

"பணம் திரும்பி வந்துச்சேம்மா?"

"கேஷ்பேக்னு நெனச்சேன் டீச்சர்."

"பாலன் எங்க?"

"அந்தக் குட்டிப் பெட்டியா? இன்னும் திறக்கவே இல்ல. அதைத் திறக்குறதைத் தனி வீடியோவாப் போடணும்னு வச்சிருக்கேன். எல்லாத்தையும் ஒரே வீடியோவுல காட்டிட்டா அடுத்த வாரம் நான் என்ன காட்டுறது?"

நல்ல பெண்தான். உடனே போனை எடுத்து, புகாரை வாபஸ் வாங்கப் பார்த்தார். அங்கே இரண்டே பொத்தான்கள் இருந்தன. ஒன்று, 'கிடைக்கவில்லை'. இன்னொன்று, 'இன்னும் கிடைக்கவில்லை'. கிடைத்துவிட்டது என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று கம்பெனி எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசியில் தோழியைக் கூப்பிட்டு, 'எனக்குக் குழந்தை கிடைத்துவிட்டது' என்று எழுதினார்.

'வாழ்த்துக்கள்!' என்றாள் தோழி. திரை முழுக்கப் பலூன்கள் பறந்தன. 'தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகிறோம். டயப்பர் வாங்கத் தங்களுக்கு ஒரு சிறப்புத் தள்ளுபடி.'

கொஞ்ச நேரத்தில் சுபலட்சுமியின் கணவர் சூரியபிரகாஷ் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். "சுபா, என் போனுக்கு டயப்பர் கூப்பன் வந்திருக்கு. எனக்கு மட்டும் யாருமே ஒண்ணும் சொல்லலையே?" என்று அவர் கேட்டது டீச்சருக்கே கேட்டது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க வேண்டியிருந்ததை நினைத்து டீச்சருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் வருத்தமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில், நல்ல வெயில் நேரத்தில், சரிபார்க்கிற ஆள் பைக்கில் வந்து இறங்கினார். பெயர் சிவபாண்டி. வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், பிள்ளையைக் கூப்பிடுங்க. ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்புறேன்," என்றார்.

டீச்சர் மாடியிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாலன் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுதான் தம்பி. ஆனா இது அந்தப் பாலன் இல்ல. அந்தப் பாலன் ஆனையூருக்குப் போயாச்சு. இது வேற."

சிவபாண்டி பொம்மையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு ஆரோக்கியநாதனைப் பார்த்து, "அண்ணே, இது பொம்மைண்ணே," என்றார்.

"அதைத்தான்யா இத்தனை நாளா எழுதிக்கிட்டிருக்கேன். நீயாச்சும் பொம்மைன்னு எழுதிட்டுப் போ."

சிவபாண்டி போனை அப்படியும் இப்படியும் தள்ளிப் பார்த்தார். "எழுதுறதுக்கு எடமே இல்லையேண்ணே. போட்டோ மட்டும்தான் கேக்குது. அச்சு ரெண்டுக்கும் ஒண்ணுதானே டீச்சர்?"

"அச்சு ஒண்ணுதான்."

"அப்ப ஆப்புக்குப் போதும்." அவர் போனைப் பாலன் முகத்துக்கு நேரே பிடித்தார். 'முகம் கண்டறியப்பட்டது. அழகான முகம்!' என்றது ஆப். மூவருக்கும் அப்பாடா என்றிருந்தது. அடுத்த வரி வந்தது: 'உயிருள்ள நபர் என்பதை உறுதி செய்ய ஒருமுறை கண் சிமிட்டவும்.'

பாலன் சிமிட்டவில்லை. 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது ஆப். சிவபாண்டி மறுபடி பிடித்தார். மறுபடி முயற்சிக்கச் சொன்னது. ஆரோக்கியநாதன் குனிந்து, பாலனிடம் கண்டிப்பாக ஏதோ சொல்லப் போனவர் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பக்கத்து வீட்டுல கைப்பிள்ளை எதுவும் இருக்காண்ணே? ஒரு சிமிட்டுத்தானே, சிமிட்டிட்டுப் போயிரும்," என்றார் சிவபாண்டி.

"கூடவே கூடாது. அது பொய்," என்றார் டீச்சர்.

"டீச்சர், இது முடியாமப் போனா என் கணக்குல ஒரு விசிட் வெட்டியாப் போயிரும். நாளைக்கும் வரச் சொல்லும். நாளானைக்கும் வரச் சொல்லும்."

"அதுக்காகப் பொய் சொல்ல முடியாது தம்பி."

காகிதக்கூழில் மைதாப் பசை கலந்திருக்கும். ஈக்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். மூன்று பேரும் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு ஈ வந்து பாலனின் வலது கண்ணில் உட்கார்ந்தது. சிவபாண்டி கை நீட்டி விரட்டினார். ஈ எழுந்து பறந்தது.

'நன்றி! கண் சிமிட்டப்பட்டது. குழந்தை உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது' என்றது ஆப்.

சிவபாண்டி போனைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பாலனைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். டீச்சர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "இனி எல்லாம் சரியாயிரும் டீச்சர்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டீச்சருக்கும் மனசு லேசானது. யாரும் பொய் சொல்லவில்லை. ஈ ஒன்று கண்ணில் உட்கார்ந்தது, எழுந்தது. நடந்தது இவ்வளவுதான்.

இறுதித் தீர்ப்பு வந்தது.

'தங்கள் குழந்தை பாலன் உயிருடனும் நலமுடனும் தங்கள் இல்லத்தில் இருப்பது நேரடிச் சரிபார்ப்பில் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எனவே தங்கள் மீதான குழந்தை விற்பனைப் புகார் மகிழ்ச்சியுடன் கைவிடப்படுகிறது. குழந்தை தங்கள் இல்லத்திலேயே இருப்பதால், அது வாங்கியவருக்கு அனுப்பப்படவில்லை என்பதும் இதன்மூலம் நிறுவப்படுகிறது. வாங்கியவரின் புகார் உண்மை என்று கண்டு, தங்கள் விற்பனைக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டு, மற்றவர்களின் பணமும் அவர்களுக்கே திருப்பப்படுகிறது. இத்தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. ஆனால் ஏற்கப்படாது.'

ஆரோக்கியநாதன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு, "எங்கயும் கை வைக்க முடியாத மாதிரி எழுதியிருக்கான்," என்று மெல்லச் சொன்னார். குருவைக் கண்ட சீடனின் குரல்.

டீச்சர் அன்று கொஞ்சம் அழுதார். மறுநாள் பங்குச் சாமியாரைப் பார்த்து அனுமதி வாங்கி, கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு, பெட்டிகளைப் பிரித்து அடுக்கிவிட்டார். பூசை முடிந்து வந்தவர்கள், "அட, கையிலயே குடுக்குறீங்களா! இப்படி யாரு டீச்சர் இப்பக் குடுக்குறா!" என்று அதிசயப்பட்டு வாங்கிப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையிலேயே மேசை காலியாகிவிட்டது. சுபலட்சுமியும் ஆனையூரிலிருந்து வந்து, திரும்பி வந்த பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 'பழைய முறையில் பணம் கொடுப்பது எப்படி' என்று அதையும் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனார்.

அதோடு தீர்ந்தது என்றுதான் டீச்சர் நினைத்தார். ஜனவரியில் சடக்பேயிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பளபளவென்று ஒரு சான்றிதழ். 'சரிபார்க்கப்பட்ட குழந்தை' என்று மேலே பொன் எழுத்து. பாலன், பாதுகாவலர் சூசை, தாய் மரியா, நாசரேத், வயது, அழகான முகத்தின் படம், கீழே ஒரு கியூஆர் கட்டம், முத்திரை. டீச்சர் அதைக் கிழித்துப் போடப் போனார். ஆரோக்கியநாதன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். முத்திரை இருக்கிற காகிதத்தைக் கிழிக்கிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. லேமினேட் பண்ணி வைத்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தலைமையாசிரியை ஐரின் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றிலும் முளைத்திருந்த இங்கிலீஷ் பள்ளிகள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டன. கணக்குப் பார்த்ததில் ஒன்றாம் வகுப்பில் சரியாக ஒரு பிள்ளை குறைந்தது. ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு ஆசிரியர் பணியிடம் போகும். போகிற இடம் பாக்கியமேரியின் இடம். உபரி ஆசிரியர் என்று பெயர் வைத்து எந்தக் கண்காணாத ஊருக்கு அனுப்புவார்களோ தெரியாது.

ஐரின் வீட்டுக்கே வந்து, டீ குடித்து, சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் மின்னிய அந்தச் சான்றிதழைப் பார்த்தார்.

"மேரி, யாரு இது பாலன்?"

டீச்சர் கதையைச் சொன்னார். ஐரின் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை எடுத்துப் பார்த்தார். "வயசு சரியா இருக்கு. பின்கோடுகூட இருக்கு," என்றார்.

"ஐரின்! பொய்யா எழுதச் சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவங்க எழுதியிருக்கிறதைப் பாத்து நாம எழுதப் போறோம். அதுல பொய் இருந்தா அது அவங்க பொய். அது மட்டுமில்ல, வராத பிள்ளைக நம்ம வருகைப் பதிவேட்டுல இது ஒண்ணுதானா? மத்ததுக்கெல்லாம் இம்புட்டு ஒழுங்கான சான்று எங்க இருக்கு?"

டீச்சர் கணவரைப் பார்த்தார்.

ஆரோக்கியநாதன் தொண்டையைச் செருமினார். "ஆவணம் ஒழுங்கா இருக்கு மேரி. ஆளு வாரது வராதது வேற செக்‌ஷன்."

பாலன் பெயர் ஒன்றாம் வகுப்புப் பதிவேட்டில் ஏறியது. தினமும் காலையில் பாக்கியமேரி டீச்சர் பெயர் வாசித்தார். "பாலன்" என்று வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. வகுப்பே சேர்ந்து, "உள்ளேன் டீச்சர்!" என்று கூவும். டீச்சர் பதிவேட்டில் புள்ளி வைப்பார். எதுவும் தான் சொல்லவில்லை, பிள்ளைகள்தான் சொல்கிறார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்வார்.

கல்வி அதிகாரி ஒருவர் தலையெண்ணிக்கை சரிபார்க்க வந்தார். கையில் போன். அதில் ஒரு ஆப். ஒவ்வொரு பெயராக வாசித்து விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், தலை நிமிராமலேயே, "பாலன்... பாலன் எங்க டீச்சர்?" என்றார்.

ஐரின் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டதோ என்று பாக்கியமேரி டீச்சர் பயந்தார். ஒரு நொடிதான். பிறகு நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னார்:

"இங்கதான் சார் இருக்கார். எப்பவும் நம்ம கூடத்தான் இருக்கார்."

"நல்லது," என்று அதிகாரி தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவனுக்கான பரிசு பாலனுக்குப் போயிற்று. பதிவேடு அப்படித்தான் சொன்னது. பதிவேட்டை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஊருக்குப் போயிருக்கும் பிள்ளையின் சார்பில் ஆரோக்கியநாதன் மேடையேறி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அதிகாரியின் கையால் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டார். கூட்டம் பலமாகக் கைதட்டியது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரி, பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்த தன் மகன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"பாருடா. ஒன் வகுப்புப் பிள்ளைதானே அது? ஒரு சத்தம் கிடையாது, ஒரு சண்டை கிடையாது, இருக்கிற எடமே தெரியல. நீயும் இருக்கியே!"